ஒரே நாளில் 2 தலைநகரங்கள்: வியன்னா - பிராடிஸ்லாவா டூரில் என்ன பார்க்கலாம்? எங்கே மாட்டிக்க வாய்ப்பிருக்கு?

ஐரோப்பா டூர் விளம்பரங்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். "ஒரே நாளில் இரண்டு தலைநகரங்கள்". காலையில் ஆஸ்திரியாவின் வியன்னாவில் கிளம்பி, மதியச் சாப்பாட்டை ஸ்லோவாக்கியாவின் பிராடிஸ்லாவாவில் முடித்துவிட்டு, இருட்டுவதற்குள் வியன்னா ஹோட்டலுக்கே திரும்பிவிடலாம் என்பதுதான் கணக்கு.

கேட்க கொஞ்சம் மிகைப்படுத்தல் மாதிரி இருக்கும். ஆனால் விஷயம் உண்மைதான். இரண்டு நகரங்களுக்கும் நேர்கோட்டில் 55 கிலோமீட்டர்தான் தூரம். சென்னையிலிருந்து செங்கல்பட்டு போற மாதிரி. சாலை வழியாகப் போனால் சுமார் 80 கிலோமீட்டர். ரோம் - வாடிகன் ஜோடியைத் தள்ளி வைத்துவிட்டால், ஐரோப்பாவில் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் தலைநகரங்கள் வேறு இல்லை.

கைடு கூட்டிப்போகும் இந்த ஒருநாள் டூர் எப்படி நடக்கிறது, அதில் என்ன கிடைக்கும், எதை விட்டுவிடுவோம், இந்திய பாஸ்போர்ட்டோடு போகிறவர்கள் எதில் கவனமாக இருக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம்

ஸ்லோவாக்கியா வேறு, ஸ்லோவேனியா வேறு. இரண்டுமே ஆஸ்திரியாவின் பக்கத்து நாடுகள், இரண்டுமே யூரோ பயன்படுத்துகின்றன, கொடிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானா. அது வியன்னாவிலிருந்து பல மணி நேரப் பயணம். ஆன்லைனில் டூர் புக் பண்ணும்போது நாட்டின் பெயரைப் பார்க்காமல், ஊரின் பெயரைப் பாருங்கள். பிராடிஸ்லாவா என்று இருந்தால்தான் இந்தக் கட்டுரையில் சொல்லும் ஊர்.

எப்படிப் போகிறார்கள்?

பெரும்பாலான டூர்கள் காலை 9 மணி வாக்கில் வியன்னாவின் மையப்பகுதியில் கிளம்பும். போக பஸ், திரும்ப படகு, அல்லது இதற்கு நேர்மாறாக. முழுக்க பஸ்ஸிலேயே போய் வரும் டூர்கள் விலை குறைவு. ரயிலில் கூட்டிப்போகும் கைடுகளும் உண்டு. பஸ், ரயில் இரண்டிலுமே சுமார் ஒரு மணி நேரம்.

படகு என்றதும் நம்ம ஊர் போட் ஹவுஸ் மாதிரி நினைத்துவிடக் கூடாது. 'ட்வின் சிட்டி லைனர்' என்பது வேகமான கேட்டமரான் ரகப் படகு. வியன்னாவின் ஷ்வேடன்பிளாட்ஸில் கிளம்பி, டான்யூப் கால்வாய் வழியாகப் போய், பெரிய டான்யூப் ஆற்றில் சேர்ந்து, பிராடிஸ்லாவாவின் பழைய நகரத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். ஆற்றோட்டத்தோடு போவதால் போகும்போது சுமார் ஒன்றேகால் மணி நேரம். திரும்பும்போது எதிர்நீச்சல், அதனால் ஒன்றரை மணி நேரம். குளிர்காலத்தில் இந்தப் படகு ஓடாது. ஆற்றில் தண்ணீர் ரொம்ப ஏறினாலும் பிரச்னைதான். 2024 செப்டம்பரில் மத்திய ஐரோப்பாவில் பெருவெள்ளம் வந்தபோது, பிராடிஸ்லாவா கரையில் தற்காலிகத் தடுப்புச் சுவர்களையே நிறுத்த வேண்டியிருந்தது. எனவே படகு டூர் புக் பண்ணுகிறவர்கள், படகு ரத்தானால் பஸ்ஸில் கூட்டிப்போவார்களா, இல்லை பணம் திரும்பக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வழியில் ஒரு காடு வரும். கரை முழுக்க மரங்கள், நடுநடுவே மணல் திட்டுகள். பல பேர் இதை போட்டோகூட எடுக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் காடு தப்பிப் பிழைத்த கதை பெரியது. இங்கே ஹைன்பர்க் பகுதியில் நீர்மின் நிலையம் கட்ட ஆஸ்திரிய அரசு முடிவெடுத்தது. 1984 டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுக்குள் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது, எதிர்ப்பு இன்னும் பெருகியது, கடைசியில் அரசு பின்வாங்கியது. 1996ல் இதே இடம் தேசியப் பூங்கா ஆனது. இன்று டூர் கம்பெனிகள் விளம்பரத்தில் போடும் 'பசுமையான டான்யூப்' படம் எல்லாம் அந்தப் போராட்டம் விட்டுவைத்த இடம்தான்.

பிராடிஸ்லாவாவில் என்ன காட்டுவார்கள்?

வியன்னாவில் இப்போது 20 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். பிராடிஸ்லாவாவின் மக்கள்தொகை 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. பழைய நகரம் ரொம்பச் சின்னது. நிதானமாக நடந்தாலே இரண்டு, மூன்று மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஒருநாள் டூருக்கு இந்த ஊர் சரியாகப் பொருந்துவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

வழக்கமாக முதலில் கோட்டை. டான்யூப் கரையில் குன்றின் மேல், நான்கு மூலையிலும் நான்கு கோபுரங்களோடு நிற்கும் வெள்ளைக் கட்டடம். கவிழ்த்துப் போட்ட மேஜை மாதிரி இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்களே கிண்டல் பண்ணுவார்கள். 1811ல் தீப்பிடித்து எரிந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பாழடைந்து கிடந்தது. இப்போது நாம் பார்ப்பது 1950களில் தொடங்கி மீண்டும் கட்டியெழுப்பியது. அதனால் உள்ளே பழைய அரண்மனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கலாம். மேலேயிருந்து தெரியும் காட்சிக்காகவே ஏறலாம். ஒரு பக்கம் ஆஸ்திரியாவின் காற்றாலைகள், எதிர்க்கரையில் பெட்ர்ஷால்கா என்ற பிரம்மாண்டமான அடுக்குமாடிக் குடியிருப்பு. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ரெடிமேட் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. லட்சம் பேருக்கு மேல் அங்கே வசிக்கிறார்கள்.

அடுத்து செயின்ட் மார்ட்டின் பேராலயம். இங்கேதான் இந்த ஊரின் பழைய பெருமை ஒளிந்திருக்கிறது. ஹங்கேரியின் தலைநகரான புடா 1541ல் ஒட்டோமான் துருக்கியர்கள் கைக்குப் போனது. அதனால் ஹங்கேரி ராஜ்ஜியத்தின் தலைநகர் வேலையை இந்த ஊர் பார்த்தது. அப்போது இதன் ஜெர்மன் பெயர் பிரெஸ்பர்க், ஹங்கேரியப் பெயர் போஜோனி. 1563 முதல் 1830 வரை ஹங்கேரியின் மன்னர்களும் ராணிகளும் இந்தப் பேராலயத்தில்தான் முடிசூட்டிக் கொண்டார்கள். 1741ல் மரியா தெரசா முடிசூட்டிக் கொண்டதும் இங்கேதான். பேராலயத்தின் உச்சியில் சிலுவைக்குப் பதில் தங்க முலாம் பூசிய கிரீடம் இருப்பதைப் பாருங்கள். முடிசூட்டு ஊர்வலம் போன பாதையில், தரையில் சின்னச் சின்னதாகப் பித்தளைக் கிரீடங்களையும் பதித்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அதைத் தேடி நடப்பதே அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

பிறகு பிரைமேட் அரண்மனை. ஆஸ்டர்லிட்ஸ் போரில் நெப்போலியனிடம் தோற்ற ஆஸ்திரியா, 1805 டிசம்பர் 26 அன்று சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இந்தக் கட்டடத்தில்தான். அதற்கடுத்த வருஷமே, பல நூற்றாண்டுகளாக இருந்த புனித ரோமப் பேரரசு கலைந்தது.

அப்புறம் எல்லோரும் போட்டோ எடுக்கும் 'சுமில்'. சாக்கடை மூடியிலிருந்து தலையை நீட்டி, கையைக் கட்டிக்கொண்டு போகிற வருகிறவர்களைப் பார்க்கும் வெண்கலச் சிலை. 1997ல் வைத்தது. வண்டிகள் இடித்துவிட்டதால், பக்கத்தில் 'ஆள் வேலை செய்கிறார்' என்று ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள். வெளிர்நீலத்தில் கேக் மாதிரி இருக்கும் நீலத் தேவாலயம் பழைய நகரத்துக்குச் சற்று வெளியே இருப்பதால், பல டூர்களின் பட்டியலில் இருக்காது. பத்துப் பதினைந்து நிமிட நடைதான். ஓய்வு நேரம் கொடுக்கும்போது நீங்களே போய் வரலாம்.

கைடு வேகமாகக் கடந்துபோகும் இடம்

பேராலயத்தை ஒட்டி, கையெட்டும் தூரத்தில் ஒரு பெரிய சாலை ஓடுகிறது. அது போய்ச் சேருவது எஸ்என்பி பாலத்தில். ஒரே ஒரு தூண், அதன் உச்சியில் பறக்கும் தட்டு மாதிரி ஒரு ரெஸ்டாரன்ட். 1972ல் திறந்த பாலம். 95 மீட்டர் உயரத்தில் நின்று ஊரைப் பார்க்கலாம் என்று கைடு சொல்வார். லிஃப்ட் டிக்கெட் எவ்வளவு என்றும் சொல்வார்.

இந்தப் பாலத்துக்கும் சாலைக்கும் இடம் தேடி, 1960களின் கடைசியில் கோட்டைக்குக் கீழே இருந்த பழைய தெருக்களை இடித்துத் தள்ளினார்கள். அதில் பெரும்பகுதி யூதர்கள் வாழ்ந்த இடம். அந்த மக்களில் பெரும்பாலானவர்களை இரண்டாம் உலகப் போரின்போதே வதை முகாம்களுக்கு அனுப்பிவிட்டார்கள். போரில் தப்பித்து நின்ற யூதத் தொழுகைக்கூடம், பேராலயத்துக்குப் பக்கத்திலேயே இரட்டைக் கோபுரத்தோடு இருந்தது. 1969ல் அதையும் இடித்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு கறுப்புச் சுவரும், அதில் பழைய தொழுகைக்கூடத்தின் உருவமும் மட்டும் இருக்கின்றன. அடுத்த ஸ்டாப்புக்கு நேரமாகிவிட்டது என்று குழு நகர்ந்துவிடும். இரண்டு நிமிஷம் கூடுதலாக நில்லுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

டெவின்: டூரில் இருந்தால் விட்டுடாதீங்க

எல்லா டூரிலும் டெவின் இருக்காது. நகர மையத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, மொராவா ஆறு டான்யூபில் கலக்கும் இடத்தில், செங்குத்தான பாறை மேல் ஒரு இடிந்த கோட்டை. 1809ல் நெப்போலியனின் படைகள் வெடி வைத்துத் தகர்த்தது. ஆற்றின் அந்தக் கரை ஆஸ்திரியா. சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

1989 வரை இந்தக் கரையில் முள்வேலியும் துப்பாக்கிக் காவலும் இருந்தன. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து மேற்கு நாடுகளுக்குத் தப்பிக்க, இந்த ஆற்றை நீந்திக் கடக்கப் பார்த்தவர்கள் ஏராளம். எல்லையைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்த சுமார் 400 பேரின் நினைவாகக் கோட்டைக்குக் கீழே 'சுதந்திர வாசல்' என்ற நினைவுச்சின்னம் இருக்கிறது.

1989 நவம்பரில் அங்கே ஆட்சி ஆட்டம் கண்டது. டிசம்பர் 10 அன்று 'ஹலோ ஐரோப்பா' என்ற பெயரில் ஒரு நடைபயணம். ஒரு லட்சம் பேருக்கும் மேல் பிராடிஸ்லாவாவிலிருந்து எல்லையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் உள்ள ஆஸ்திரியாவின் ஹைன்பர்க் ஊருக்கு நடந்தே போனார்கள். அவர்களில் பலர், வாழ்நாள் முழுக்க கண்ணெதிரே பார்த்துக்கொண்டே இருந்த அந்தக் கரையை முதல் தடவையாக மிதித்தார்கள்.

இப்போது டெவினுக்குக் கொஞ்சம் வடக்கே, மொராவா ஆற்றின் மேல் சைக்கிள் பாலமே கட்டிவிட்டார்கள். 2012ல் திறந்தது. அதற்குப் பெயர் வைக்க ஆன்லைனில் ஓட்டெடுப்பு நடத்தியபோது, ஹாலிவுட் ஆக்‌ஷன் நடிகர் சக் நோரிஸின் பெயர் முதலிடம் பிடித்தது! அதிகாரிகள் யோசித்துவிட்டு 'சுதந்திர சைக்கிள் பாலம்' என்று வைத்தார்கள். எல்லையில் செத்தவர்களை நினைத்தால் அதுதான் சரியான முடிவு என்று தோன்றுகிறது. ஆனால் ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது என்னவோ சக் நோரிஸ் கதையைத்தான்.

உங்கள் டூரில் டெவின் இல்லை என்றால், எஸ்என்பி பாலத்துக்கு அடியிலிருந்து டவுன் பஸ் போகிறது. ஆனால் போய், ஏறி, இறங்கி வர குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். குழுவோடு போகும் நாளில் அது கட்டுப்படியாகாது.

விசா... இங்கேதான் நம்மவர்கள் கவனிக்கணும்

ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா இரண்டுமே ஷெங்கன் பகுதி. ஸ்லோவாக்கியா 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2007 டிசம்பர் 21 முதல் எல்லைச் சோதனை நின்றது. 2009 ஜனவரி 1 முதல் யூரோ. அதனால் தனி விசா வேண்டாம், பணமும் மாற்ற வேண்டாம்.

"என்னுடையது சிங்கிள் என்ட்ரி விசா, பிராடிஸ்லாவா போயிட்டு வந்தா என்ட்ரி முடிஞ்சிடுமா?" என்ற சந்தேகம் பலருக்கு வரும். முடியாது. ஷெங்கன் பகுதிக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது என்ட்ரி கணக்கில் வராது. ஷெங்கனுக்கு வெளியே போய்த் திரும்பினால்தான் சிக்கல். விசா ஸ்டிக்கரில் 'செல்லுபடியாகும் நாடுகள்' என்ற வரியை மட்டும் ஒருதரம் பாருங்கள். அபூர்வமாகச் சிலருக்குக் குறிப்பிட்ட நாட்டுக்கு மட்டும் விசா கொடுத்திருப்பார்கள்.

விண்ணப்பிக்கும்போது எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். வியன்னாவில் நான்கு இரவு, பிராடிஸ்லாவா ஒரு பகல் என்றால் ஆஸ்திரியாதான். விண்ணப்பத்தில் ஒருநாள் டூரையும் எழுதிவிடுங்கள், மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

லண்டனில் வசிக்கும் நம்மவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள். பிரிட்டனின் ரெசிடென்ஸ் பெர்மிட் இங்கே செல்லாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருந்தால் ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளின் ரெசிடென்ஸ் பெர்மிட் இருந்தால் விசா வேண்டாம். பாஸ்போர்ட்டும் அந்த கார்டும் கையில் இருந்தால் போதும்.

எல்லைச் சோதனை இல்லை என்பதற்காகப் பாஸ்போர்ட்டை ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டுப் போவது பெரிய தப்பு. நாட்டு எல்லையைத் தாண்டும்போது அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், போட்டோகாப்பி போதாது. மேலும், சோதனை நின்றுவிட்டது என்பது எப்போதும் உண்மை இல்லை. 2022லும் 2023லும் அகதிகள் வருகையைக் காரணம் காட்டி ஸ்லோவாக்கியா எல்லையில் ஆஸ்திரியா தற்காலிகச் சோதனை போட்டது. போகும்போது யாரும் கேட்கவில்லை என்பதற்காகத் திரும்பும்போதும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்க முடியாது. பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்க்கும்போது உங்களிடம் மட்டும் பாஸ்போர்ட் இல்லை என்றால், மொத்தக் குழுவும் காத்திருக்கும். கைடால் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

போன், சாப்பாடு, கடை

வியன்னாவில் உள்ளூர் சிம் வாங்கியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதிப்படி ஸ்லோவாக்கியாவிலும் அதே கட்டணத்தில் ஓடும். இந்தியாவிலிருந்து ரோமிங் பேக் போட்டவர்கள், பட்டியலில் இரண்டு நாடுகளின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லோவாக்கியாவின் தேசிய உணவு 'பிரிண்ட்ஸோவே ஹலுஷ்கி'. உருளைக்கிழங்கு மாவில் சின்னச் சின்ன உருண்டை, மேலே ஆட்டுப்பால் சீஸ். பார்க்க சைவம் மாதிரி இருக்கும். ஆனால் அதன் மேல் பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவித்தான் கொடுப்பார்கள். சைவம், ஹலால் பார்க்கிறவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கசகசா அல்லது வால்நட் வைத்த பிரெஸ்பர்க் பன் எல்லோருக்கும் பிடிக்கும். கோலா மாதிரியே இருக்கும் 'கோஃபோலா', 1960ல் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த உள்ளூர் பானம். மூலிகைக் கஷாயத்தில் சோடா கலந்த மாதிரி ஒரு ருசி. ஒரு தடவை குடித்துப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரியாவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பிராடிஸ்லாவாவில் அந்த அளவுக்கு இல்லை. அதனால் பலர் ஞாயிற்றுக்கிழமையையே இந்த டூருக்கு ஒதுக்குகிறார்கள். நல்ல யோசனைதான்.

கைடு தேவையா, நாமளே போகலாமா?

வெறும் போக்குவரத்துக்காக என்றால் கைடு தேவையில்லை. பஸ்ஸும் ரயிலும் அடிக்கடி இருக்கின்றன, டிக்கெட் விலையும் டூர் கட்டணத்தை விட ரொம்பக் குறைவு. ரயிலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிராடிஸ்லாவாவில் வியன்னா ரயில்களுக்கு இரண்டு ஸ்டேஷன்கள். ஆற்றுக்கு வடக்கே மெயின் ஸ்டேஷன், தெற்கே பெட்ர்ஷால்கா. ஒன்றில் இறங்கி, திரும்பும்போது இன்னொன்றில் போய் நின்று ரயிலை விட்டவர்கள் உண்டு.

கதை கேட்கப் பிடிக்கும் என்றால் கைடோடு போவதே லாபம். அந்த முள்வேலியும் கிரீடமும் இடித்த தெருவும் தானாகப் பேசாது. ஆஸ்திரியாவில் கைடு வேலைக்குப் பரீட்சை எழுதி உரிமம் வாங்க வேண்டும். புக் பண்ணும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். குழுவில் எத்தனை பேர்? வியன்னாவிலிருந்து வருபவரே ஊரைக் காட்டுவாரா, இல்லை அங்கே உள்ளூர் கைடு சேர்ந்துகொள்வாரா? டெவின் உண்டா? 'பிராடிஸ்லாவாவில் ஐந்து மணி நேரம்' என்று போட்டிருந்தால், அதில் சாப்பாடும் ஷாப்பிங்கும் போக நடக்கும் நேரம் எவ்வளவு என்றும் கேட்கலாம்.

முதியவர்களைக் கூட்டிப்போனால், பழைய நகரம் முழுக்க கருங்கல் பாவிய தரை, கோட்டைக்கு நல்ல ஏற்றம். செருப்பை விட ஷூ நல்லது. சில டூர்களில் கோட்டைக்குக் கொஞ்ச தூரம் சின்ன டூரிஸ்ட் வண்டியில் ஏற்றிப்போவார்கள்.

ரூம் வாடகை குறைவாக இருக்கும் என்பதற்காகப் பிராடிஸ்லாவாவில் தங்கிக்கொண்டு வியன்னாவை ஒரே நாளில் பார்க்கத் திட்டம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஷோன்பிரூன் அரண்மனை ஒன்றுக்கே அரை நாள் போய்விடும். வியன்னா ஒரு நாளில் அடங்காது.

திரும்பும் படகுக்கு ஒரு விஷயம். கைடு மாலை எத்தனை மணிக்குக் கரைக்கு வரச் சொல்கிறாரோ, அதற்கு இருபது நிமிஷம் முன்னாலேயே போய் நில்லுங்கள். பல டூர்களில் அது பொதுப் பயணிகள் படகு, ஒரு குழுவுக்காக நிற்காது. தவறவிட்டால் பயப்பட வேண்டாம், எஸ்என்பி பாலம் பக்கத்திலும் மெயின் ஸ்டேஷனிலும் வியன்னாவுக்கு பஸ்ஸும் ரயிலும் கிடைக்கும். அந்த டிக்கெட் காசு மட்டும் உங்கள் கணக்கு.